குயத்தியர் திலகம் நம்பேயோ அம்மையார்



பள்ளிப்பட்டுப் பகுதியில் நம்மவர் பலர் திகிரியை மூலையிற் சாய்த்துவிட்டுக் கும்மிடிப்பூண்டி ஆலைகளை நாடிச் செல்வதைக் காண்கின்றோம். வயிற்றுப்பாட்டின் பொருட்டுச் செல்வாரைக் குறைகூறல் நம் கருத்தன்று. ஆயினும், கைவிட்ட தொழில் மீளாது என்று முதியோர் மனமுடைந்து பேசுங்கால், கடல்கடந்த நாட்டுக் குயத்தி ஒருவரின் வரலாறு நம் நினைவுக்கு வருகின்றது. அதனை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

அமெரிக்காவில், அரிசோனா மாகாணத்து மேட்டுநிலத்தில் ஹானோ என்னுஞ் சிற்றூரில், 1860-ஆம் ஆண்டையொட்டிப் பிறந்தவர் நம்பேயோ அம்மையார். தாயார் தேவா இனத்தவர். தந்தையார் ஹோபி இனத்தவர். தந்தையைப் பெற்ற பாட்டியாரிடம் அம்மையார் தொழில் பயின்றார். அந்நாட்டார்க்குத் திகிரி இல்லை. களிமண்ணைக் கயிறுபோல் உருட்டி, சுற்றின்மேற் சுற்றாக அடுக்கி, விரலால் இணைத்துக் கலம் எழுப்புவர்; கூழாங்கல்லால் தேய்த்து மெருகிட்டு, யூக்கா என்னுஞ் செடியின் இலைநாரால் வண்ணந் தீட்டி, ஆட்டுச்சாணம் மூட்டிச் சுடுவர்.

அவர் இளமையில் அவ்வூர்க் கலங்களின் பழைய அழகு மங்கியிருந்தது. மேற்பூச்சும் வெடித்து நின்றது. அம்மையாரோ பாழூர்களிற் கிடந்த பழைய ஓடுகளின் கோலங்களை உற்றுநோக்கினார். 1895-ஆம் ஆண்டில் பியூக்ஸ் என்னும் அறிஞர் சிக்யாட்கி என்ற பாழூரை அகழ்ந்தபோது, அம்மையாரின் கணவர் லெஸ்ஸோ அங்குப் பணிபுரிந்தார் என்பர். வெளிப்பட்ட கலங்களின் கோலங்களை இருவரும் கண்டு பயின்றனர். கண்டதைப் பெயர்த்தெழுதுவதோடு அம்மையார் நில்லாது, சிறகும் இறகும் வளைந்தோடும் புதுக்கோலங்களைத் தாமே ஆக்கினார். 1898-லும் 1910-லும் சிகாகோவிலும், 1905-ல் கிராண்ட் கேன்யனிலும் தம் தொழிற்றிறனைப் பலரறியக் காட்டினார்.

பின்னர் அவர் கண்ணொளி குன்றி, 1920-ஐ ஒட்டிப் பெரும்பாலும் மறைந்தது. கை மட்டும் ஓயவில்லை. தடவித் தடவியே கலம் எழுப்பினார். கணவரும் பெண்மக்களும் கோலந் தீட்டினர். 1942-ஆம் ஆண்டில் அம்மையார் மறைந்தார். அவர் வழித்தோன்றல்கள் இன்றும் அத்தொழிலைச் செய்து வருகின்றனர்.

நம் நாட்டிலும் ஆதிச்சநல்லூரில் அகழ்ந்தெடுத்த தொன்மையான மட்கலங்கள் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ளன. ஆலைக்குச் செல்வோரும் விடுமுறை நாளொன்றில் தம் மக்களை அங்கு அழைத்துச் சென்று காட்டுவாராக. வீட்டு முதியோரிடம் மண் பிசையவேனும் பழக்குவாராக. ஓட்டைக் கண்டு ஒருத்தி மீட்ட தொழிலை, முழுக்கலத்தைக் கண்டும் நாம் இழத்தல் தகுமோ?