ரப்பரை நிலைபெறச் செய்த சார்லஸ் குட்இயர்

மழைக்கு அணியும் மேலங்கியும், தோட்டத்திற்கு நீர் பாய்ச்சும் குழாயும், வண்டியின் டயரும் ரப்பரால் ஆனவை. வெயிலில் உருகாமலும் குளிரில் உடையாமலும் இருத்தல் ரப்பரின் இயல்பே என்று நாம் எண்ணியிருக்கிறோம். மரத்தின் பாலிலிருந்து எடுத்த ரப்பருக்கு அவ்வியல்பு இல்லை. அதனை அதற்குத் தந்தவர் சார்லஸ் குட்இயர் என்னும் அமெரிக்கர். தந்ததற்கு அவர் கொடுத்த விலை பெரிது.

ரப்பர் மரத்தின் தாயகம் தென் அமெரிக்கா. கன்னியாகுமரி மாவட்டத்து மலையடிவாரங்களில் இன்று பால் வடிக்கும் மரங்களும் அவ்வினத்தனவே. ஐரோப்பியர் நெடுங்காலம் இதனை ஒரு வேடிக்கைப் பொருளாகவே கருதினர். எழுதிய பென்சிற் கோட்டைத் தேய்த்து அழிக்க உதவுவதை ஆங்கில அறிஞர் பிரீஸ்ட்லி 1770-இல் குறித்தார். தேய்ப்பது என்னும் பொருளிலேயே ரப்பர் என்ற பெயர் வழங்கலாயிற்று.

சார்லஸ் 1800-ஆம் ஆண்டு டிசம்பர் 29-ஆம் நாள் கனெக்டிகட் மாநிலத்து நியூஹேவன் நகரில் பிறந்தார். தந்தையார் பொத்தான்களும் உழவுக் கருவிகளும் செய்து விற்றவர். சார்லஸும் அவ்வழியே நின்று, 1824-இல் கிளாரிசா என்னும் நங்கையை மணந்து, பிலடெல்பியா நகரில் இரும்புச் சாமான் கடை நடத்தினார். கடனுக்குக் கொடுத்த பொருளின் விலை திரும்பவில்லை. தாம் வாங்கிய கடனையும் அவரால் தீர்க்க இயலவில்லை. கடன்பட்டாரைச் சிறையில் இடும் சட்டம் அந்நாளில் இருந்தது. வாழ்நாளிற் பன்முறை அவர் அச்சிறையைக் கண்டார்.

1834-ஆம் ஆண்டு அவர் நியூயார்க் நகரத்து ரப்பர் கடை ஒன்றில் உயிர்காக்கும் மிதவை ஒன்றைக் கண்டார். அதில் காற்றை அடைக்கும் வாய் செம்மையாக இல்லை என்று தோன்றவே, தாமே புதிதாய் ஒன்று செய்து சில வாரங்களில் கொண்டு சென்றார். கடையின் தலைவரோ, வாயைத் திருத்தி என்ன பயன், ரப்பரே அழிந்துவிடுகிறதே என்று வருந்தினார். அவ்வாண்டுகளில் அமெரிக்க மக்கள் ரப்பர் காலணிகளையும் அங்கிகளையும் ஆர்வத்தோடு வாங்கியிருந்தனர். குளிர்காலத்தில் அவை மரக்கட்டைபோல் விறைத்து வெடித்தன. கோடையில் பாகாய் உருகித் துர்நாற்றம் வீசின. திரும்பி வந்த சரக்கை நாற்றம் தாங்காது குழிதோண்டிப் புதைக்க வேண்டியதாயிற்று. தொழில் நடத்தியோர் பலர் பொருளிழந்தனர்.

ஊர் திரும்பிய சார்லஸ் மீண்டும் கடனுக்காகச் சிறைப்பட்டார். அச்சிறையே அவருடைய முதல் ஆய்வுக்கூடம். மனைவியிடம் மாவு தேய்க்கும் உருட்டுக்கட்டையையும் ரப்பர்க் கட்டிகளையும் வருவித்துக்கொண்டு, ஒட்டும் பசையை உலர்ந்த பொடியால் நீக்கலாம் என்று கருதிப் பிசைந்து பார்த்தார். வேதியியலை அவர் முறையாகக் கற்றவர் அல்லர். மக்னீசியா என்னும் வெண்பொடியைக் கலந்து செய்த காலணிகள் குளிர்காலத்தில் அழகாக விளங்கிக் கோடையில் உருகின. சுட்ட சுண்ணாம்பு கலந்த துணியில் ஒரு துளி புளிப்பு நீர் பட்டதும் பசை மீண்டது. நைட்ரிக் அமிலத்தால் ரப்பரின் மேற்பரப்பு வழவழப்பாயிற்று. அதற்கு 1837-இல் காப்புரிமையும் பெற்றார். ஆனால் அவ்வாண்டே நாடெங்கும் நேர்ந்த பொருளாதார வீழ்ச்சியில் அவருக்குத் துணைநின்றவரின் செல்வம் அழிந்தது. பின்னர் அரசாங்கத்திற்கு 150 அஞ்சற் பைகள் செய்து மாட்டி வைத்துவிட்டு வெளியூர் சென்றார். திரும்பி வந்து பார்த்தபொழுது, பைகள் வெப்பத்தில் இளகிச் சிதைந்திருந்தன. அமிலம் மேல்தோலை மட்டுமே மாற்றியிருந்தது.

அக்காலத்து அக்குடும்பத்தின் நிலை இரங்கத்தக்கது. வீட்டுப் பொருள்கள் ஒவ்வொன்றாக அடகுக் கடைக்குச் சென்றன. பிள்ளைகளின் பாடநூல்களைக்கூட அவர் விற்றார். ஒரு குளிர்காலத்தில் இளங்குழந்தை ஒன்று இறக்க, அடக்கத்திற்கும் பொருளின்றித் தவித்தனர். இல்லறத்தான் ஒருவன் மக்கள் பசித்திருக்க ஒரு பொருளின் பின்னே அலைவது அறமாகுமோ என்று அண்டை அயலார் பழித்தனர். அப்பழியில் உண்மை இல்லாமல் இல்லை. அவர் புகழைப் பேசுவோர் கிளாரிசாவின் பசியையும் அதனுடன் சேர்த்துப் பேசுதல் வேண்டும்.

மாசசூசெட்ஸ் மாநிலத்து வோபர்ன் என்னும் ஊரில் நதானியல் ஹேவார்டு என்பவர் ரப்பரில் கந்தகத்தைக் கலந்து வெயிலில் காயவைத்து வந்தார். அம்முறையின் உரிமையைச் சார்லஸ் விலைக்கு வாங்கினார். 1839-ஆம் ஆண்டு கந்தகம் கலந்த ரப்பர்த் துண்டு ஒன்று தற்செயலாகச் சூடான அடுப்பின்மீது பட்டது. அது உருகி ஒழுகியிருத்தல் வேண்டும். அவ்வாறன்றித் தோல்போலக் கருகிற்று. அருகிருந்தோர் அதனைப் பொருட்படுத்தவில்லை. சார்லஸ் கருகிய பகுதியின் ஓரத்தில் கருகாமலும் உருகாமலும் நின்ற ஒரு சிறு விளிம்பைக் கண்டார். அத்துண்டை அன்றிரவு கடுங்குளிரில் வெளியே ஆணியால் அறைந்து வைத்தார். காலையில் அது முன்போலவே துவண்டது. வெப்பத்தை வெல்ல வெப்பமே வழியாயிற்று! எத்துணைச் சூடு, எத்துணை நேரம், எத்துணைக் கந்தகம் என்று அளவறிய மேலும் ஐந்தாண்டுகள் சென்றன.

இதன் நுட்பம் இது: ரப்பரின் மூலக்கூறுகள் நீண்ட நூல்கள்போல ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கின்றன. சூடேறினால் அவை வழுக்கி நகரும். கந்தகம் அந்நூல்களை ஆங்காங்கே முடிச்சிட்டுப் பிணைக்கிறது. பிணைந்த நூல்கள் இழுத்தால் நீளும், விட்டால் தம் இடத்திற்கு மீளும்.

1844 ஜூன் 15-இல் அமெரிக்கக் காப்புரிமை அவருக்குக் கிடைத்தது. அதற்குள் அவருடைய ரப்பர்த் துண்டு ஒன்று இங்கிலாந்தில் தாமஸ் ஹன்காக் என்பாரின் கைக்கு எட்டியிருந்தது. மேற்பரப்பிற் பூத்திருந்த கந்தகத்தைக் கண்டு வழியை ஆராய்ந்த அவர், 1843-இலேயே ஆங்கிலக் காப்புரிமைக்கு விண்ணப்பித்துவிட்டார். உரோமானியரின் தீக்கடவுளாகிய வல்கன் பெயரால் இம்முறைக்கு வல்கனைசேஷன் என்று பெயரிட்டவரும் ஹன்காக்கின் நண்பரே. தாய்நாட்டிலும் உரிமையை மீறினோர் பலர். 1852-இல் நடந்த பெருவழக்கில் டேனியல் வெப்ஸ்டர் என்னும் புகழ்மிக்க வழக்கறிஞர் வாதிட்டு வெற்றி தேடித் தந்தார். ஆயினும் வந்த பொருள் வழக்குகளிலும், 1851-இல் இலண்டனிலும் 1855-இல் பாரிசிலும் நடந்த கண்காட்சிகளிலும் கரைந்தது. பிரெஞ்சுப் பேரரசர் அளித்த உயரிய விருது சார்லஸை அடைந்தபொழுது, அவர் பாரிசில் கடனுக்காகச் சிறையில் இருந்தார். கிளாரிசா 1853-இலேயே மறைந்துவிட்டார்.

1860-ஆம் ஆண்டு நோயுற்ற மகளைக் காணப் புறப்பட்ட சார்லஸ், நியூயார்க்கை அடைந்ததும் அவள் இறந்த செய்தியைக் கேட்டு வீழ்ந்தார். ஜூலை முதல் நாள் உயிர் நீத்தார். அவர் விட்டுச் சென்ற கடன் ஏறத்தாழ 2 இலட்சம் டாலர். காற்றடைத்த டயரை டன்லப் 1888-இல் செய்ததும், அக்ரன் நகரில் 1898-இல் குட்இயர் டயர் நிறுவனம் தோன்றியதும் பின்னிகழ்ச்சிகள். அந்நிறுவனம் அவர் பெயரைச் சிறப்புக் கருதிச் சூட்டிக்கொண்டதே. அவர் குடும்பத்திற்கும் அதற்கும் தொடர்பில்லை.

குட்இயர் ரப்பரின் இரு பகைகளாகிய வெப்பத்தையும் குளிரையும் வென்றார். முதுமையாகிய மூன்றாம் பகை இன்றும் நிற்கிறது. கந்தகம் முடிச்சிட்ட பின்னும் ரப்பர் நூல்களில் காற்று பற்றிக்கொள்ளும் இடங்கள் பல எஞ்சுகின்றன. பிராணவாயு மெல்லமெல்ல ரப்பரை விறைக்கச் செய்கிறது. காற்றிலுள்ள ஓசோன், இழுபட்டு நிற்கும் பக்கச் சுவரில் மெல்லிய வெடிப்புகளை உண்டாக்குகிறது. இதனைத் தடுக்கவே இன்று டயரில் புகைக்கரியும் மெழுகும் காப்பு மருந்துகளும் சேர்க்கின்றனர். வண்டி ஓடும்போது டயர் நெளிவதால் மெழுகு மேலெழுந்து மூடிக்காக்கும். வயலிலும் காட்டுப் பாதையிலும் செல்லும் டிராக்டர், ஜீப் முதலியவையோ ஆண்டிற் பல நாள் வெயிலில் வாளா நிற்பவை. ஆகவே அவற்றின் டயரில் கட்டைகள் தேயாமல் உயர்ந்திருக்கும்போதே பக்கச் சுவர் வெடிக்கிறது. புதியதுபோல் தோன்றும் அத்தகைய டயர் கல்லில் மோதினால் கிழியக்கூடும்.

டயரின் வயதைப் பக்கச் சுவரிலுள்ள நான்கு இலக்கங்களால் அறியலாம். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது என்பது பொருள். பத்தாண்டு கடந்த டயரைத் தேயாவிடினும் மாற்றுமாறு உற்பத்தியாளர் பலர் கூறுகின்றனர். உள்ளிருக்கும் நூலிழை தெரியும்படி வெடித்ததை வயது பாராது உடனே கழற்ற வேண்டும். மேற்பகுதி மட்டும் தேய்ந்ததற்குப் புதிய ரப்பர் ஏற்றி ஓட்டலாம். சுவர் வெடித்ததற்கு அதுவும் இயலாது. உருக்கி வேறொன்றாக வார்க்கலாமோ எனில், கந்தகம் இட்ட முடிச்சு எளிதில் அவிழ்வதில்லை. வோபர்ன் ஊர் அடுப்பின்மீது நிகழ்ந்ததுபோல அது இன்றும் உருகாது கருகவே செய்யும்.