மகேந்திரவர்மனுக்கு லைட் போடுவது எப்படி?

சித்தன்னவாசல் போயிட்டு வந்த யார்கிட்ட வேணா கேட்டுப் பாருங்க. அந்த ஓவியமெல்லாம் மகேந்திரவர்ம பல்லவன் காலத்துதுன்னு பாதிப் பேராவது சொல்வாங்க. ஸ்கூல் டூர்ல யாரோ சொன்னது, பழைய பாடப்புத்தகத்துல படிச்சது, அப்படியே மனசுல ஒட்டிக்கிச்சு. புதுக்கோட்டையிலிருந்து சுமார் 16 கிலோமீட்டர்ல இருக்கிற அந்தக் குகைக்கும் இந்த ராஜாவுக்கும் உள்ள உறவு கொஞ்சம் சிக்கலானது. அதுக்குப் பிறகு வர்றேன். முதல்ல ஆளைப் பார்ப்போம். மேடைக்கு லைட் கட்டுற, ட்ரஸ் ஏத்துற, விடிய விடிய உட்கார்ந்து ஆட்டோகேட்ல லைட் பிளாட் வரையுற நம்ம கூட்டத்துக்குத் தமிழ்நாட்டு வரலாற்றுல ஒரு சொந்தக்காரன் உண்டுன்னா அது இவன்தான்.

பல்லவ அரசன் சிம்மவிஷ்ணுவின் மகன். ஏறக்குறைய கி.பி. 600 முதல் 630 வரை காஞ்சியிலிருந்து ஆண்டவன். கல்கியின் சிவகாமியின் சபதம் படிச்சவங்களுக்கு மாறுவேடம் போட்டுச் சுத்துற ராஜாவாகத்தான் இவனைத் தெரிஞ்சிருக்கும். அந்த மாறுவேடத்தையெல்லாம் கழிச்சுட்டுப் பார்த்தாலும் ஆள் சாதாரணமில்ல. பல்லாவரம், திருச்சி குகைகள்ல அவனோட பட்டப்பெயர்கள் வரிசையா வெட்டியிருக்கு. விசித்திரசித்தன், குணபரன், லலிதாங்குரன், சித்திரகாரப்புலி, மத்தவிலாசன். போர்ல ஜெயிச்சதைச் சொல்ற பட்டம் எல்லா ராஜாவும் வெச்சுக்கிட்டதுதான். ஓவியக்காரர்களில் புலின்னு பட்டம் வெச்சுக்கிட்டு, அதைக் கல்லுல வெட்டச் சொன்னவன் எத்தனை பேர்?

விழுப்புரம் மாவட்டத்துல மண்டகப்பட்டுன்னு ஒரு ஊர். அங்கே ஒரு பாறையைக் குடைஞ்சு பிரம்மா, சிவன், விஷ்ணு மூணு பேருக்கும் சேர்த்து ஒரு கோயில் எடுத்தான். வாசல்ல இருக்கிற சமஸ்கிருதக் கல்வெட்டைப் படிச்சா கிட்டத்தட்ட ஒரு ப்ராஜெக்ட் ரிப்போர்ட் மாதிரி இருக்கும். செங்கல் கிடையாது, மரம் கிடையாது, உலோகம் கிடையாது, சுண்ணாம்புச் சாந்தும் கிடையாது, இவை எதுவும் இல்லாமல் விசித்திரசித்தன் இதைச் செய்வித்தான் என்பது அதன் சாரம். இதுல நமக்குச் சுவாரசியமானது, எதைப் பயன்படுத்தினோம்னு சொல்லாம எதையெல்லாம் விட்டோம்னு பட்டியல் போட்டிருக்கிறதுதான். அதுவரைக்கும் அந்தப் பக்கத்துல கோயில்னா மரமும் செங்கலும்தான். கரையான் அரிக்கும், தீப்பிடிக்கும், நூறு வருஷத்துல இருந்த இடம் தெரியாது. தொண்டை மண்டலத்துல பாறையைக் குடையுற வழியைத் தொடங்கி வெச்சவன் இவன்தான்னு பொதுவா ஏத்துக்கிறாங்க. அப்புறம் மாமண்டூர், மகேந்திரவாடி, தளவானூர், சீயமங்கலம், திருச்சி மலைக்கோட்டைன்னு வரிசையா வந்தது.

இந்தக் குகைகளோட தூணைப் பார்த்திருக்கீங்களா? சுமார் 7 அடி உயரம், 2 அடி கனம். மேலேயும் கீழேயும் சதுரம், நடுவுல எட்டுப்பட்டை. கருங்கல் அழுத்தத்தை எவ்வளவு வேணா தாங்கும், வளைஞ்சா உடையும்னு நமக்கு ரெண்டாம் செமஸ்டர்ல சொல்லித் தந்தாங்க. அதனால தூண் குண்டா, நெருக்கமா நிக்குது. ஆனா அந்தத் தூண் தலையில ஒரு போதிகை இருக்கே, அதுக்கு அங்கே வேலையே இல்ல. மரக்கட்டடத்துல உத்தரத்தோட சுமையை வாங்கித் தூணுக்கு இறக்குறதுக்காக வெச்ச உறுப்பு அது. இங்கே தூண், உத்தரம், கூரை எல்லாம் ஒரே பாறை. ஒட்டே கிடையாது. இருந்தும் மரத்தச்சன் பழக்கம் கல்லுக்குள்ள வந்து உட்கார்ந்துடுச்சு. ஃபிளாப்பி டிஸ்கையே கண்ணால பார்க்காத நாம சேவ் பண்றதுக்கு இன்னும் அந்தப் படத்தையே அழுத்துற மாதிரி.

இந்த வேலையில அன்டு கிடையாதுங்கிறதை யோசிச்சா வயித்துல புளியைக் கரைக்கும். தப்பா ஒரு துண்டு பெயர்ந்தா பெயர்ந்ததுதான். அதுக்கு அவங்க என்ன பண்ணாங்கன்னு பிந்தின தலைமுறை மாமல்லபுரத்துல பாதியில விட்டுட்டுப் போன வேலைகளைப் பார்த்தாத் தெரியும். பாறை முகத்தைச் சின்னச் சின்னச் சதுரமாப் பிரிச்சு, கோடு போட்டு, கோட்டுல பள்ளம் வெட்டி, நடுவுல நிக்கிற கட்டியைத் தட்டி எடுத்திருக்காங்க. அதாவது கிரிட். நாம எஃப் 7 அழுத்துனா ஸ்கிரீன்ல வர்ற அதே கிரிட், உளியால போட்டது.

அரசியல் பக்கம் மகேந்திரனுக்கு அவ்வளவு நல்ல காலம் இல்ல. சாளுக்கிய இரண்டாம் புலிகேசி படையெடுத்து வந்தான். கி.பி. 634-ல் வெட்டின ஐஹொளெ கல்வெட்டு, பல்லவனைக் காஞ்சி மதிலுக்குள்ள ஒளியவெச்சதாகப் பெருமை பேசுது. பல்லவர் பக்கத்துக் காசாக்குடிச் செப்பேடோ புள்ளலூர்ல மகேந்திரன் எதிரிகளைத் தோற்கடிச்சதாகச் சொல்லுது. ரெண்டு பக்கமும் தன் தன் நோட்டீஸை ஒட்டியிருக்கு, அவ்வளவுதான். கணக்குத் தீர்ந்தது அவன் இறந்த பிறகு. மகன் நரசிம்மவர்மன் 642-ல வாதாபிக்குள்ள புகுந்தான்.

சமணனா இருந்து, அப்பரால சைவனானான்னு பெரியபுராணத்தை வெச்சுச் சொல்றது வழக்கம். பாடலிபுரத்துச் சமணப் பள்ளியை இடிச்சு அந்தக் கல்லைக் கொண்டு திருவதிகையில குணபரவீச்சரம் கட்டினான்னு சேக்கிழார் சொல்றார். சேக்கிழார் எழுதினது ஐநூறு வருஷம் கழிச்சு. ஆனா திருச்சிக் கல்வெட்டுலயும் வேறு வழியிலிருந்து லிங்கத்தின் பக்கம் திரும்பினதா ஒரு குறிப்பு இருக்கு. சமணனா இருந்தவன் என்ற இந்த நம்பிக்கைதான் பின்னால சித்தன்னவாசலை அவன் கணக்குல எழுத ஒரு காரணமாச்சு. நினைவுல வெச்சுக்கோங்க.

இப்போ நம்ம ஏரியா. மகேந்திரன் ஒரு நாடகம் எழுதினான், மத்தவிலாசப் பிரகசனம். சமஸ்கிருதத்துல ஒரே அங்கம், நகைச்சுவை. காஞ்சித் தெருவுல சத்தியசோமன்னு ஒரு காபாலிகன், கூட அவன் துணைவி தேவசோமை, ரெண்டு பேரும் நல்ல போதை. கள்ளுக்கடையையே யாகசாலைன்னு வர்ணிக்கிற ஆள் அவன். பிச்சையெடுக்கிற மண்டை ஓட்டைக் காணோம். வழியில வந்த நாகசேனன்னு ஒரு பௌத்த பிக்குதான் திருடினான்னு பிடிச்சுக்கிறாங்க. நடுவர் வேலைக்கு ஒரு பாசுபதன் வர்றான். கடைசியில ஒரு பைத்தியக்காரன் நாய்கிட்டேயிருந்து பிடுங்கின ஓட்டோட வந்து சேர்றான். ஓட்டுக்குள்ள வறுத்த கறி இருந்ததால நாய் தூக்கிட்டுப் போயிருக்கு. கதை அவ்வளவுதான்.

இதுல ஒரு இடம் உண்டு. வழக்கை நியாயசபைக்குக் கொண்டுபோவோம்னு பேச்சு வருது. வேண்டாம், பிக்குகிட்ட மடத்துச் சொத்து இருக்கு, சபையில பணத்தைக் கொடுத்துச் சரிக்கட்டிடுவான்னு தேவசோமை தடுக்கிறா. காஞ்சியில நியாயசபை நடத்துறது யாரு? இதை எழுதின அதே ராஜா. தன் ஆட்சியோட கோர்ட்டுல லஞ்சம் செல்லும்னு தானே எழுதி, மேடையேத்தக் கொடுத்திருக்கான். நம்ம கல்ச்சுரல்ஸ் ஸ்கிட்ல ஹாஸ்டல் மெஸ்ஸைக் கிண்டல் பண்ணவே ஸ்கிரிப்டை மூணு பேர்கிட்ட காட்டணும்.

நாடகத்தோட ஓலைச்சுவடி கேரளத்துல கிடைச்சது. 1917-ல திருவனந்தபுரத்துல கணபதி சாஸ்திரி அதைப் பதிப்பிச்சார். அவர் பதிப்பிச்சாலும் பதிப்பிக்காட்டியும் கேரளக் கோயில்கள்ல சாக்கியார்கள் அதை வழிவழியா ஆடிக்கிட்டுத்தான் இருந்தாங்க. தமிழ்நாட்டு ராஜா எழுதினது, இங்கே மறந்துபோச்சு, மலைக்கு அந்தப் பக்கம் உயிரோட இருந்தது. 2001-ல யுனெஸ்கோ அங்கீகாரம் வாங்கின கூடியாட்டம் அவங்க கலைதான். அந்த மேடைக்கு லைட் ஒரே ஒரு நிலவிளக்கு. மூணு திரி. ரெண்டு நடிகர் பக்கம், ஒண்ணு பார்வையாளர் பக்கம்.

இதை நம்ம ஓஏடி மேடையில போடணும்னு வைங்க. கை தானா எங்கே போகும்? வெக்டர்வொர்க்ஸைத் திறந்து, முன்னாடி ஒரு ட்ரஸ், பின்னாடி ஒரு ட்ரஸ், ஒவ்வொரு நடிப்பிடத்துக்கும் ரெண்டு பக்கமிருந்தும் 45 டிகிரியில ஒரு சூடான கலர், ஒரு குளிர்ந்த கலர். 1932-ல அமெரிக்காவுல மெக்கேண்ட்லஸ் புத்தகமா எழுதினதிலிருந்து உலகம் பூரா மேடைக்காரங்க தொடங்குற இடம் அதுதான். இருபது லைட்டாவது ஆயிடும். ட்ரஸ்ஸுக்கு நேர் மேல கொக்கி மாட்ட இடம் இல்லன்னா ரெண்டு பக்கமும் கயிறு இழுத்து வி வடிவத்துல கட்டணும். அந்த ரெண்டு கயிறுக்கும் இடையில கோணம் 60 டிகிரின்னா ஒவ்வொரு கயிறும் எடையில சுமார் 58 சதவீதம் தாங்கும். அதையே 120 டிகிரிக்கு விரிச்சா ஒவ்வொண்ணும் முழு எடையைத் தாங்கணும். ரெண்டு கயிறு இருக்கேன்னு நம்பி அகலமா விரிக்கிறவங்க இதைத் தாளில் ஒரு தடவை போட்டுப் பார்க்கணும். கீழே ஆள் நிக்குது.

சாக்கியார் மேடையை அதே சாஃப்ட்வேர்ல வரைஞ்சா ஃபிக்ஸர் எண்ணிக்கை 1. தொங்கும் எடை பூஜ்யம். ஆனா கணக்கு சும்மா இல்ல. நடிகர் விளக்கிலிருந்து 1 மீட்டர்ல இருக்கும்போது முகத்துல விழற வெளிச்சம், 2 மீட்டர் போனா கால்வாசி, 3 மீட்டர் போனா ஒன்பதுல ஒரு பங்கு. அதனால முக்கியமான நடிப்பெல்லாம் விளக்குக்கிட்டயே. கண்ணாலயே பாதிக் கதையைச் சொல்றதும் அங்கேதான் எடுபடும். நாம டிம்மர் ஸ்லைடரை இறக்கிச் செய்யுறதை அவர் ரெண்டு அடி பின்னால போய்ச் செய்யலாம். கீழேயிருந்து வர்ற வெளிச்சம் முகத்துக்கு ஆகாதுன்னு நமக்குச் சொல்லித் தர்றாங்களே, அந்தக் கோணத்துக்குத் தகுந்த மாதிரிதான் அந்த ஒப்பனையும் கிரீடமும் அமைஞ்சிருக்குன்னு எனக்குத் தோணுது. மகேந்திரன் காலத்துலயும் இப்படித்தான் விளக்கு வெச்சாங்கன்னு நான் சொல்ல வரல. மின்சாரம் இல்லாத ஊர்ல ராத்திரி நாடகம்னா வேற வழியும் அதிகமில்ல.

சரி, சித்தன்னவாசல். 1920 வாக்கில புதுச்சேரிப் பேராசிரியர் ஜூவோ துப்ரேயும் கோபிநாத ராவும் அங்கேயிருந்த ஓவியங்களை வெளியுலகத்துக்குச் சொன்னாங்க. சமணக் குகை, பல்லவர் குகை மாதிரியே தூண், சித்திரகாரப்புலி, சமணனா இருந்த ராஜா. எல்லாம் சேர்ந்து மகேந்திரன் பேர் ஒட்டிக்கிச்சு. தூண்ல மங்கலாத் தெரியுற ராஜா ராணி உருவம்கூட அவனும் அவன் மனைவியும்தான்னு முடிவு பண்ணிட்டாங்க. பக்கத்துலயே குடுமியான்மலை. அங்கே பாறையில வெட்டின இசைக் கல்வெட்டும் ரொம்ப நாள் அவன் கணக்குலதான் இருந்தது. இப்போ அதையும் பலர் ஏத்துக்கிறதில்ல.

சிக்கல் அந்தக் குகை வாசலோரப் பாறையிலயே இருந்தது. ஒரு தமிழ்க் கல்வெட்டு. மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்ற சமணர், பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்துல உள்மண்டபத்தைப் புதுப்பிச்சு, முகமண்டபமும் எடுத்தார்னு சொல்லுது. அதாவது 9-ஆம் நூற்றாண்டு, மகேந்திரன் போய் இருநூறு வருஷம் கழிச்சு. இன்னைக்கு நாம பார்க்கிற தாமரைக்குளமும், யானையும் மீனும் அன்னமும், பூப்பறிக்கிற துறவிகளும், தூண்ல ஆடுற ரெண்டு பெண்களும் பாண்டியர் காலம்னுதான் ஆய்வாளர்கள் பெரும்பாலும் சொல்றாங்க. குகை முதல்ல எப்போ குடையப்பட்டதுங்கிறது தனிச் சண்டை.

எனக்கு இதுல ஒரு வருத்தம் உண்டு. மகேந்திரனுக்குப் பேர் பஞ்சமே இல்ல. ஒரு தூண் பூரா பட்டம் வெட்டி வெச்சவன். மண்டகப்பட்டுல உளி பிடிச்சவன் பேரு கல்வெட்டுல இல்ல, ராஜா பேர் இருக்கு. அபூர்வமா ஒரு இடத்துல வேலையைச் செய்வித்த ஆசிரியன் தன் பேரைத் தமிழ்லயே எழுதி வெச்சிருக்கார், நாம அந்தப் பேரைத் தாண்டிப் போய் அங்கேயும் ராஜாவைத் தேடிப் பிடிக்கிறோம். கல்ச்சுரல்ஸ் பேனர்ல லைட் டீம் பேர் வராததுக்குப் புலம்புற நாமளாவது இளங்கௌதமன்னு சொல்லிப் பழகலாம். இந்த ராஜாவே இதைப் பார்த்திருந்தா, மத்தவிலாசம் எழுதின கையால இன்னொரு பிரகசனம் எழுதியிருப்பான்.

போறவங்களுக்கு ஒரு டிப்ஸ். கோயில் மேற்கு பார்த்தது. காலையில போனா பாறையோட நிழல்லதான் நிப்பீங்க, மதியத்துக்கு மேல போங்க. முன்னாடி தூணோட நிக்கிற தாழ்வாரம் பழசில்ல, சமஸ்தான நிர்வாகி டாட்டன்ஹாம் காலத்துல குடுமியான்மலையிலிருந்து தூண் கொண்டு வந்து நிறுத்தினது. அதுவும் கொஞ்சம் வெளிச்சத்தை மறைக்கும். தாமரைக்குளம் இருக்கிறது கூரையில. அதுக்கு நேரா எந்த வெளிச்சமும் போகாது, வாசல் வழியா வந்து தரையில பட்டுத் திரும்புறதுதான் மேலே ஏறுது. அதனால உள்ளே கும்பலா நின்னு தரையை மறைக்காதீங்க. ரெண்டு ரெண்டு பேரா ஓரமா நின்னு, கண்ணு பழக ஒரு நிமிஷம் விடுங்க. முதல்ல பச்சை தெரியும், அப்புறம் மீன்.