உடுவிலில் உறங்கும் ஓர் அன்னை

உடுவில் மகளிர் கல்லூரியை அறியாத யாழ்ப்பாணத்துக் குடும்பம் அரிது. 1824ஆம் ஆண்டு அதைத் தொடங்கிய ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் நம் சபையினர் அல்லர். அமெரிக்க மிஷனைச் சேர்ந்தவர். ஆயினும் அந்தத் தாயை நீங்கள் அறிய வேண்டும்.

1796இல் அமெரிக்காவில் பிறந்த அவர், 1819இல் மணமுடித்து, அடுத்த ஆண்டே கணவர் மிரன் வின்ஸ்லோவுடன் யாழ்ப்பாணம் வந்தார். பெண்பிள்ளைக்கு எழுத்தறிவு எதற்கு என்று ஊரார் கேட்ட காலம் அது. எனவே மிஷனார் உணவும் உடையும் கொடுத்ததோடு, படித்த பெண்களுக்குச் சீதனம் தரவும் முன்வந்தனர். நம்மவரின் நாடி பிடித்தறிந்த ஏற்பாடு!

பிறர் பெற்ற பெண்மக்கள் அவ்விதம் அவர் அரவணைப்பில் வளர்ந்தனர். தாம் பெற்ற மகன் சார்ள்சையோ அமெரிக்காவுக்கு அனுப்பிவைக்க நேர்ந்தது. பிள்ளையைக் கடல் கடந்து அனுப்பிவிட்டு ஏங்கும் தாய்மாரை நம் ஊர்களில் நாம் நன்கறிவோம். 1832இல், 11 வயதில், சார்ள்ஸ் அங்கேயே இறந்தான். கடைசியாக ஒருமுறை முகம் பார்க்கவும் தாய்க்கு வாய்க்கவில்லை. 1833 ஜனவரி 14இல் அவரும் உடுவிலில் கண்மூடினார், வயது 36.

தாயின் பெயரையே தாங்கிய மகள் ஹரியற் அப்போது சின்னஞ்சிறுமி. அவள் வளர்ந்து டலஸ் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டாள். அவள் பெற்ற பிள்ளைகளை அம்மம்மா மடியில் ஏந்தியதில்லை. அப்பிள்ளைகளுள் ஒருவருடைய மகன்தான் அமெரிக்க வெளியுறவு அமைச்சராயிருந்த ஜோன் பொஸ்டர் டலஸ். அவருடைய மகன் ஏவரி டலஸ் 1940இல் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்து, இயேசு சபைக் குருவாகி, 2001இல் கர்தினாலாக உயர்த்தப்பட்டார்.