புற்றைத் திறந்த புலவர் கோனிக்

ஆண்டுமலர்தோறும் சான்றோர் ஒருவரின் வரலாற்றை எழுதி வைப்பது, தாயகம் விட்டு வாழும் தமிழ்ச் சங்கங்களின் நல்வழக்கம். புலவர்களையும் வீரர்களையும் விடுதலைத் தொண்டர்களையும் போற்றும் நாம், சிற்றுயிர்களைத் தேடித் திரிந்த அறிஞர்களைப் பெரும்பாலும் நினைப்பதில்லை. இம்மலருக்கு நாம் தேர்ந்துகொண்ட அறிஞர் தமிழரல்லர், அரசரல்லர், படை நடத்தியவரும் அல்லர். ஆயினும் அவர் பெயர் நம் இல்லந்தோறும் மணக்கிறது. மாட்டுங்கா அங்காடியில் காய்கறியோடு நாம் கேட்டு வாங்குகிறோமே, அந்தக் கறிவேப்பிலைக்கு அறிவியலார் இட்ட பெயர் முரயா கோனிகி என்பது. அப்பெயருக்குரிய யோஹான் ஜெரார்டு கோனிக் என்பாரே நம் கட்டுரைத் தலைவர். கறிவேப்பிலை அவர் புகழின் ஒரு கிளைதான். தமிழ் மண்ணின் கறையானை முதன்முதல் ஆராய்ந்து, வகைப்படுத்தி, பெயரிட்டு, உலகுக்கு அறிவித்ததே அவர் செய்த அரும்பணி.

பிறப்பும் கல்வியும்

பால்டிக் கடலை அடுத்த லிவோனியா நாட்டில், 1728 நவம்பர் 29ஆம் நாள் கோனிக் பிறந்தார். அப்பகுதி இன்று லாத்வியா என வழங்குகிறது. ஜெர்மானிய மொழியில் கோனிக் என்னும் சொல்லுக்கு அரசன் என்பது பொருள். பெயரில் அரசராயினும் வாழ்வில் அவர் எளியவர். முதலில் மருந்து செய்வோராகத் தொழில் பயின்றார். பின்னர் 1757இல் சுவீடன் நாடு சென்று, இயற்கை நூலின் தந்தை எனப் போற்றப்படும் லின்னேயஸிடம் மாணவரானார்.

லின்னேயஸ் காட்டிய நெறி இன்னதென இங்கே ஒரு சொல் கூறுதல் வேண்டும். அதற்கு முன் ஒரு பூச்சியைக் குறிக்க வேண்டுமாயின், அதன் நிறம், கால், இறகு எல்லாவற்றையும் கோத்து ஒரு நீண்ட தொடரே எழுதுவர். ஊருக்கு ஊர் அத்தொடர் மாறும். லின்னேயஸ் ஒவ்வோர் உயிருக்கும் இரண்டே சொற்களால் பெயர் அமைத்தார். முதற்சொல் குடிப்பெயர் போன்றது. இரண்டாம் சொல் அக்குடியில் ஒருவருக்கு இட்ட பெயர் போன்றது. 1758இல் விலங்குகள் அனைத்துக்கும் இம்முறையை அவர் விரித்தார். அப்பெயரிடும் கலை புதிதாய்த் தளிர்த்த காலத்திலேயே கோனிக் அதனை ஆசிரியரின் அருகிருந்து கற்றார் என்பது குறிப்பிடத்தக்கது.

பின்னர் டென்மார்க்கில் தங்கி, ஐஸ்லாந்து என்னும் பனித்தீவுக்கும் சென்று செடிகொடிகளை ஆராய்ந்தார். அங்கிருந்து அவரை வெப்பமிகு சோழநாட்டுக் கடற்கரைக்கு ஊழ் அழைத்தது.

தரங்கம்பாடியில்

தரங்கம்பாடி அந்நாளில் டேனியர் ஆட்சியில் இருந்தது. 1706இல் சீகன்பால்கு வந்திறங்கித் தமிழ் கற்று அச்சகம் கண்ட ஊர் அது. அங்கிருந்த இறைப்பணியாளர்க்கு மருத்துவராகக் கோனிக் 1768இல் வந்து சேர்ந்தார். நோயாளரைப் பார்த்து எஞ்சிய நேரமெல்லாம் வயலிலும் தோப்பிலும் கடலோரத்திலும் கழிந்தது. செடிகளையும் பூச்சிகளையும் திரட்டி, பதப்படுத்தி, கப்பல்வழி ஐரோப்பாவுக்கு அனுப்பினார். அவர் வந்த மூன்றாம் ஆண்டில், 1771இல், லின்னேயஸ் நம் கறிவேப்பிலைக்குப் பெர்கேரா கோனிகி என்று பெயரிட்டு மாணவரைச் சிறப்பித்தார். பிற்காலத்தார் அதனை முரயா என்னும் குடியில் சேர்த்தனர். அறிஞர் பலர் இன்று மீண்டும் பெர்கேரா என்றே வழங்கத் தொடங்கியுள்ளனர்.

மருத்துவ ஊதியம் அவர்தம் ஆராய்ச்சிக்குப் போதவில்லை. எனவே 1774இல் ஆர்க்காட்டு நவாபு முகமது அலியிடம் இயற்கை ஆராய்வாளராக அமர்ந்தார். அவ்வேலை அவரை ஊர் ஊராகச் செல்ல வைத்தது. அக்காலத்திலேதான் தஞ்சைச் சீமையின் புற்றுகள் அவர் கருத்தைக் கவர்ந்தன.

புற்றின் உள்ளே

கறையானை நாம் எல்லோரும் அறிவோம். மராத்தியர் அதனை வாள்வி என்பர். தாராவியின் மரப்பெட்டியாயினும், செம்பூரின் புத்தக அலமாரியாயினும், அது புகுந்தபின் எஞ்சுவது மண்ணும் தூளுமே. பழைய ஆண்டுமலர்கள் எத்தனையோ அதன் வாய்ப்பட்டு மறைந்தன. ஆகவே கறையான் என்றதும் அழிக்கும் வழியை எண்ணுகிறோமே தவிர, அறியும் வழியை எண்ணுவதில்லை. கோனிக்கோ புற்றைத் திறந்து உள்ளே இருப்பது யாதெனப் பார்த்தார்.

அவர் கண்டவற்றை ஜெர்மன் மொழியில் ஒரு கட்டுரையாக எழுதினார். பெர்லின் நகரத்து இயற்கை ஆராய்வோர் கழகம் 1779இல் அதனை வெளியிட்டது. வெள்ளை எறும்பு என்று ஐரோப்பியர் அழைத்த உயிரின் வரலாறு அது. அதில் ஒரு செய்தி நமக்குப் பெருவியப்பைத் தருகிறது. நம்மவர் ஈசல் பிடிக்கும் முறையை அவர் எழுதி வைத்திருக்கிறார். காற்று வரும் பக்கம் ஒன்றும், அதன் எதிர்ப்பக்கம் ஒன்றுமாகப் புற்றில் இரு துளைகள் இடுவர். எதிர்ப்பக்கத் துளையில் ஒரு பானையின் வாயைப் பொருத்துவர். காற்று வரும் பக்கத்தில் தீநாற்றம் வீசும் பொருள்களைக் கொளுத்திப் புகைமூட்டுவர். புகைக்கு அஞ்சிய ஈசல்கள் பானையில் வந்து நிறையும். சில வேளைகளில் ஈசலோடு நல்ல பாம்பும் வந்து விழுமாதலால், பானையை எடுப்போர் விழிப்போடு இருப்பராம். அப்பானையின் உட்புறத்தில் முன்னரே ஒரு மணத்தழையைத் தேய்த்து வைப்பர் என்றும் அவர் குறித்தார். அத்தழையின் பெயராக அவர் எழுதியது பெர்கேரா. அது நம் கறிவேப்பிலையே அன்றோ! தம் பெயர் தாங்கிய தழையைத் தம் ஆராய்ச்சியிலும் அவர் கண்டார்.

பிடித்த ஈசலை மாவோடு சேர்த்துப் பண்டமாக்கி, ஏழை மக்களுக்கு மலிவாக விற்றனர் என்பதும் அக்கட்டுரைச் செய்தி. அளவின்றி உண்டால் கடும் வயிற்றுவலியும் வயிற்றுக்கடுப்பும் வருமென்று மருத்துவராகிய அவர் எச்சரித்தார். புற்றின் அரசியாகிய தாய்க்கறையானை, முதுகு வலுப்பெற வேண்டி முதியோர்க்கு உயிரோடு கொடுக்கும் வழக்கத்தையும் எழுதினார். நெல்லைச் சீமையிலிருந்து இங்கு வந்து குடியேறிய நம் முதியோர் பலர், வறுத்த அரிசியோடு ஈசல் உண்ட சிறுவயதை இன்றும் நினைவுகூர்வர். அப்பழக்கத்தின் பழமைக்கு அயலார் ஒருவரின் எழுத்தே சான்றாயிற்று.

இவற்றினும் சிறந்த கண்டுபிடிப்பு வேறொன்று. புற்றின் உள்ளறைகளில் தேனடை போன்ற கூடுகளில் நுண்ணிய காளான்கள் முளைத்திருத்தலை அவர் கண்டார். அவை இளங்கறையான்களுக்கு உணவாகலாம் எனக் கருதினார். ஆப்பிரிக்கக் கறையானை ஆராய்ந்த ஸ்மீத்மன் என்னும் ஆங்கிலேயர் 1781இல் எழுதியபோது, கோனிக்கின் இக்கருத்தைப் பெயர் சுட்டியே குறித்தார். இன்றைய அறிவியல் அதனை விரித்து உரைக்கிறது. கறையான்கள் மரத்தையும் சருகையும் தின்று, கழிவால் அடை அமைத்து, அதில் காளானைப் பயிர் செய்கின்றன. தம்மால் எளிதிற் செரிக்க இயலாததைக் காளான் செரித்துத் தர, அதனை உண்கின்றன. மழைக்குப்பின் புற்றில் முளைக்கும் புற்றுக்காளான் இவ்வேளாண்மையின் விளைச்சலே. கறையான் எறும்பினத்தைச் சேர்ந்ததன்று. கரப்பான் பூச்சியின் சுற்றம் என்பதும் இந்நாளில் தெளிவாகிவிட்டது.

பெயரிட்டதன் பயன்

கறையான் என்னும் ஒரு சொல்லுக்குள் பல இனங்கள் அடங்கும். உலகில் ஏறத்தாழ 3,000 இனங்கள் இருப்பதாக இன்று அறிகிறோம். அவற்றுள் நம் மரத்தையும் பயிரையும் அழிப்பன சிலவே. ஏனையவை சருகைத் தின்று மண்ணுக்கு உரமூட்டுவன. பகையையும் நட்பையும் வேறு பிரித்தறியப் பெயர் வேண்டும். அவ்வேறுபாட்டைக் கோனிக் அன்றே தொடங்கி வைத்தார். தென்னாட்டில் புற்றெடுக்கும் ஓரினம், நடுங்குவது என்னும் பொருள்பட மாக்ரோடெர்மஸ் கன்வல்சனேரியஸ் என்றும், இலங்கைக் காட்டில் அணி அணியாகச் சென்று மரத்திற் படர்ந்த பாசியினத்தைக் கொண்டுவரும் கருங்கறையான், ஒற்றைக்கொம்பு என்னும் பொருள்பட ஹாஸ்பிடலிடெர்மஸ் மோனோசெரோஸ் என்றும் வழங்குகின்றன. குடிப்பெயர்கள் பின்னோர் அமைத்தவை. இட்ட பெயர்கள் கோனிக் தந்தவை. அக்கட்டுரையை 1921இல் பிளெட்சர் என்னும் பூச்சிநூல் அறிஞர் ஆங்கிலத்தில் வெளியிட்டார்.

தாம் திரட்டிய பூச்சிகள் பலவற்றை ஃபபிரீசியஸ் என்னும் டேனிய அறிஞருக்குக் கோனிக் அளித்தார். அவரும் லின்னேயஸின் மாணவர். ஏறத்தாழ 10,000 பூச்சியினங்களுக்குப் பெயரிட்டவர். 1775இல் பருத்திச் செடியில் வாழும் ஒரு சிவப்பு நாவாய்ப் பூச்சிக்குக் கோனிக்கின் பெயரையே அவர் சூட்டினார். டிஸ்டெர்கஸ் கோனிகி என்று அதனை இன்று அழைப்பர். பருத்திக் காயில் விதையைக் குடைந்து சாறுறிஞ்சிப் பஞ்சைக் கறைப்படுத்தும் பூச்சி அது. இந்நகரின் பஞ்சாலைகளில் உழைத்த நம் முன்னோர், கறைபட்ட பஞ்சின் தொல்லையை அறிந்திருப்பர். தொல்லை தந்தவன் பெயரை அறிந்திருக்க வழியில்லை.

இறுதிக் காலம்

1778இல் கிழக்கிந்தியக் கும்பெனி அவரைத் தன் இயற்கை ஆராய்வாளராக அமர்த்தியது. சயாம் நாட்டுக்கும் மலாக்கா நீரிணைக்கும் சென்று 1780இல் திரும்பினார். அப்பயணத்திற் கண்ட இஞ்சி இனச் செடிகளைப் பற்றி அவர் எழுதியவற்றை 1783இல் சுவீடன் அறிஞர் ரெட்சியஸ் வெளியிட்டார். 1785இல் வடக்கு நோக்கிச் செல்லுங்கால் காக்கிநாடாவை அடுத்த ஜகன்னாதபுரத்தில் வயிற்றுக்கடுப்பால் நோயுற்றார். நண்பரும் செடிநூல் அறிஞருமாகிய ராக்ஸ்பர்க் உடனிருந்து மருத்துவம் செய்தும் பயனில்லை. ஜூன் 26ஆம் நாள் கோனிக் மறைந்தார். எழுதி அச்சேறாத ஏடுகள் அனைத்தையும் இலண்டனிலிருந்த ஜோசப் பேங்க்ஸுக்கு விட்டுச் சென்றார்.

புற்றெடுத்தவர் யார்?

கறையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகுந்தது என்பது நம் பழமொழி. கோனிக்கின் உழைப்பில் பிறர் குடிபுகுந்தனரோ என ஐயுறலாம். அவர் திரட்டியவற்றிற் பெரும்பகுதியைப் பிறரே வெளியிட்டனர் என்பது உண்மை. ஆயினும் ஃபபிரீசியஸ் தரங்கம்பாடிப் பூச்சிகளை விவரிக்குமிடத்துக் கோனிக்கின் பெயரைக் குறிக்கத் தவறினாரில்லை. ஆகவே பழமொழி அங்குப் பொருந்தாது.

அது பொருந்தும் இடம் வேறு. துளையிட்டவர் யார்? பானை வைத்தவர் யார்? எந்தத் தழையைத் தேய்க்க வேண்டும் என அறிந்திருந்தவர் யார்? அவர் தஞ்சைச் சீமைத் தமிழர். அவர்தம் பெயர் ஒன்றேனும் நமக்குக் கிட்டவில்லை. அவர்கள் அறிந்திருந்தனர்; எழுதி வைத்திலர். கோனிக் அவர்களிடமிருந்து அறிந்தார், எழுதி வைத்தார். அறிவு எத்துணை ஆழமாயினும், எழுதப்படாதபோது அதை உடையவரோடே மண்ணாகிவிடும் என்பதே இவ்வரலாறு நமக்குத் தரும் பாடம். கோனிக்கைக் குறை கூறுதற்கு இதனைச் சொன்னோமல்லோம். நம் கடனை நாம் உணர்தற்கே சொன்னோம்.

கோனிக் பிறந்த மண் வேறு. அவர் ஆராய்ந்த மண் வேறு. பிழைக்க வந்த இடந்தானே என்று அவர் கண்மூடி இருந்தாரல்லர். நாமும் தாயகம் விட்டு இந்நகருக்கு வந்தவர்கள். மழைக்காலத்தில் இங்கும் விளக்கைச் சூழ்ந்து ஈசல் பறக்கிறது. இங்கும் காடும் கழியும் உண்டு. 1883இல் எண்மர் கூடி இந்நகரில் நிறுவிய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் இன்றும் நற்பணி ஆற்றி வருகிறது. நம் சிறுவர் சிறுமியர் அங்குச் சென்று காணட்டும். கண்டதைத் தமிழில் எழுதட்டும். வீட்டு முதியோர் அறிந்தவற்றைக் கேட்டு, சொன்னவர் பெயரோடு குறித்து வைக்கட்டும். அவ்வெழுத்துக்கு நம் மலரின் பக்கங்கள் என்றும் திறந்திருக்கும்.

கோனிக்கின் புகழ் வாழ்க! அவருக்கு வழிகாட்டிய பெயரறியாத் தமிழரின் நினைவும் வாழ்க!