ரிகிடோசான்: சொந்த ஊரைச் சொல்லாத சாம்பியன்

டபிள்யூ.டபிள்யூ.இ. டிரம்ப் கார்டு விளையாடாமல் பள்ளிக்கூடம் முடித்தவர்கள் நம்மில் ரொம்பக் கம்மி. அண்டர்டேக்கர் உயரம் என்ன, பிக் ஷோ எடை என்ன என்று இன்னிக்குக் கேட்டாலும் சில பேர் ஒப்பிச்சிடுவீங்க. ஆனா வீட்டில் தாத்தா இருந்தால் அவரிடம் மல்யுத்தம்னு மட்டும் சொல்லிப் பாருங்க. அவர் வாயில் வர்ற பேரே வேற. கிங் காங், தாரா சிங். வீட்டில் டிவி இல்லாத அந்தக் காலத்தில் இந்த ரெண்டு பேரும் மோதினால் கூட்டம் எப்படித் திரளும் என்று கதை கதையாகச் சொல்வார்.

அந்தக் கிங் காங் சிங்கப்பூரில் இருந்துகொண்டு ஆசியா முழுக்கச் சுற்றிய ஆள். 1955 நவம்பரில் ஜப்பானுக்குப் போனார். தாரா சிங்கும் அந்தப் பயணத்தில் உண்டு. டோக்கியோவில், ஆசியாவின் ஹெவிவெயிட் சாம்பியன் யார் என்று முடிவு செய்யும் ஆட்டம் நடந்தது. அதில் நம்ம தாத்தாக்களைப் பயமுறுத்திய அந்த மலை சாய்ந்தது. சாய்த்தவர் பெயர் ரிகிடோசான்.

ஜப்பானில் இந்தப் பெயருக்கு இருந்த மவுசை நமக்குத் தெரிந்த மாதிரி சொல்லணும்னா, எம்.ஜி.ஆரையும் சச்சினையும் சேர்த்து ஒரே ஆளாக நினைத்துக்கோங்க. ஆனா அந்த ஆளுக்குள்ள ஒரு ரகசியம் இருந்தது. அவரைக் கொண்டாடிய கோடிக்கணக்கான ரசிகர்களில் பெரும்பாலானவர்களுக்கு அவர் யார் என்றே தெரியாது. அதைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்லப் போறேன்.

கொரியாவில் பிறந்த பையன்

1924 நவம்பர் 14. கொரியாவின் ஹம்கியாங் பகுதியில் ஒரு பையன் பிறந்தான். பெயர் கிம் சின்-ராக். அந்த ஊர் இன்றைக்கு வட கொரியாவில் இருக்கு. அப்போ வடக்கு, தெற்கு என்று எதுவும் கிடையாது. 1910 முதலே மொத்தக் கொரியாவும் ஜப்பானின் ஆட்சியில் இருந்தது. கொரியர்கள் அங்கே இரண்டாம் தரக் குடிமக்கள்.

கொரியாவிலும் ஊர்த் திருவிழாக்களில் மல்யுத்தம் உண்டு. சிரும் என்று பெயர். இடுப்பில் கட்டிய துணியைப் பிடித்து எதிராளியை மண்ணில் சாய்க்கணும். கிம் அதில் கெட்டிக்காரர். அவரைப் பார்த்த ஜப்பானியர்கள் டோக்கியோவுக்குக் கூட்டிப்போய் சுமோவில் சேர்த்தார்கள். 1940-ல் முதல் ஆட்டம். சுமோ வழக்கப்படி ஒரு புதுப் பெயர் வைத்தார்கள். அதுதான் ரிகிடோசான். வலிமை, வழி, மலை என்று மூன்று எழுத்துகள் சேர்ந்த பெயர்.

சுமோவில் ஒவ்வொரு வீரரின் பெயரோடு சொந்த ஊரையும் பட்டியலில் எழுதுவார்கள். ஆரம்பத்தில் அவர் பெயரோடு கொரியா என்று இருந்தது. பிறகு அது மாறி, நாகசாகியில் உள்ள ஓமுரா என்று ஆகிவிட்டது. அவர் வாழ்க்கையின் பெரிய திரைக்கதை இப்படித்தான், ஒரே ஒரு வரித் திருத்தத்தில் ஆரம்பித்தது.

ஆள் திறமைசாலி. சுமோவின் உச்சியில் இருந்து எண்ணினால் மூன்றாவது படியான செகிவாகே வரைக்கும் வந்துட்டார். ஆனால் 1950-ல், எல்லாரும் ஆச்சரியப்படும்படி, உச்சிக் குடுமியைத் தானே அறுத்துக்கொண்டு சுமோவை விட்டு வெளியேறினார். சுமோ வீரருக்குக் குடுமிதான் அடையாளம். அதை அறுத்துட்டா திரும்பிப் போக முடியாது. இதற்குச் சொல்லப்படும் காரணங்கள் பல. உடல்நலக் குறைவு, குருவோடு பணத் தகராறு, கொரியர் என்பதால் இன்னும் மேலே ஏற விடமாட்டார்கள் என்ற கசப்பு.

அதற்குப் பிறகு ஒரு கட்டுமான நிறுவனத்தில் வேலை. அந்தக் காலத்தில்தான் அவருடைய குடும்பப் பதிவேடும் மாறியது. மொமோட்டா குடும்பத்தின் மகன், நாகசாகியில் பிறந்தவர், ஜப்பானியர். காகிதத்தில் கிம் சின்-ராக் என்ற ஆளே இல்லை. இது சும்மா பெருமைக்காகச் செய்ததில்லைங்க. 1952-ல் அமெரிக்க ஆக்கிரமிப்பு முடிந்து ஜப்பான் மறுபடி சுதந்திர நாடானபோது, அங்கே வாழ்ந்த கொரியர்கள் எல்லாருக்கும் ஜப்பானியக் குடியுரிமை போய்விட்டது. இவருக்குப் போகவில்லை.

கராத்தே வெட்டும் தெருமுனை டிவியும்

1951-ல் சில அமெரிக்கத் தொழில்முறை மல்யுத்த வீரர்கள் ஜப்பானுக்கு வந்தார்கள். ரிகிடோசான் அவர்களோடு சேர்ந்து பயிற்சி எடுத்து அந்த அக்டோபரிலேயே மேடை ஏறினார். அடுத்த வருஷம் ஹவாய், அப்புறம் சான் பிரான்சிஸ்கோ. அங்கே தொழிலைக் கற்றுக்கொண்டார். பிடி போடுவது மட்டும் இல்லை, எப்படி விழணும், கூட்டத்தை எப்போ கத்த வைக்கணும், எப்போ அமைதியாக்கணும் எல்லாமும்தான். சுமோவில் உள்ளங்கையால் அறைந்து பழகிய கை, இங்கே கராத்தே வெட்டாக மாறியது. எதிராளியின் மார்பிலும் கழுத்திலும் விரல்களை நீட்டி, கையின் ஓரத்தால் ஓங்கி ஒரு அடி. அதுதான் கடைசிவரை அவருடைய முத்திரை.

1953-ல் திரும்பி வந்து சொந்தமாக மல்யுத்தச் சங்கம் தொடங்கினார். அதே வருஷம்தான் ஜப்பானில் டிவி ஒளிபரப்பும் தொடங்கியது. பிப்ரவரியில் அரசு சார்ந்த என்.எச்.கே., ஆகஸ்டில் தனியார் நிறுவனமான நிப்பான் டிவி. ஒரு செட்டின் விலை, புதுசா வேலைக்குச் சேர்ந்த பட்டதாரியின் ஒரு வருஷச் சம்பளத்தை விட அதிகம். பார்க்க ஆளே இல்லாத சேனலில் விளம்பரம் கொடுப்பது யார்? நிப்பான் டிவி ஒரு வழி செய்தது. ரயில் நிலைய வாசல், பூங்கா, கடைவீதி என்று கூட்டம் கூடும் இடங்களில் பெட்டிகளை உயரத்தில் நிறுத்தி வைத்தது. எத்தனை செட் விற்றது என்று எண்ணாமல், ஒரு செட்டை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று எண்ணினார்கள். நெட்வொர்க்கிங் படிக்கிற நண்பர்கள் இந்த இடத்தில் சிரிச்சுக்கலாம்.

அந்தக் காலத்துச் சின்னக் கறுப்பு வெள்ளைத் திரையில் பேஸ்பால் பந்து கண்ணுக்கே தெரியாது. மல்யுத்தம் அப்படி இல்லை. ஒரு சதுர மேடை, நல்ல வெளிச்சம், ரெண்டு மூணு கேமரா போதும். ஆட்கள் பெருசா, தெளிவாத் தெரிவாங்க. டிவிக்கென்றே செய்த விளையாட்டு மாதிரி.

1954 பிப்ரவரி 19. டோக்கியோவின் குராமே சுமோ அரங்கம். ஒருபக்கம் ஷார்ப் சகோதரர்கள், பென்னும் மைக்கும். ரெண்டு பேரும் ஆறரை அடி உயரம். இன்னொரு பக்கம் ரிகிடோசானும் ஜூடோ மாவீரர் மாசஹிகோ கிமுராவும். தெருமுனை டிவிகளின் முன்னால் ஆயிரக்கணக்கில் கூட்டம். மரத்தில் ஏறியவர்கள், கூரையில் ஏறியவர்கள் எல்லாம் உண்டு. அவர்கள் பார்த்தது இதுதான்: உயரமான வெள்ளைக்காரர்கள் விதியை மீறி அடிக்கிறார்கள், கிமுரா அடி வாங்கித் தவிக்கிறார், பொறுத்துப் பொறுத்துப் பார்த்த ரிகிடோசான் உள்ளே பாய்ந்து கராத்தே வெட்டு போடுகிறார், அந்த நெடிய ஆள் சரிகிறார்.

போரில் தோற்று ஒன்பது வருஷம். அமெரிக்க ராணுவம் நாட்டை ஒப்படைத்து ரெண்டு வருஷம்கூட ஆகலை. அந்தக் கூட்டத்துக்கு இது எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. ஒரு விஷயம், ஷார்ப் சகோதரர்கள் அமெரிக்கர்களே இல்லை. கனடாக்காரர்கள். அது அங்கே யாருக்கும் ஒரு பொருட்டாகப் படவில்லை. ஆக, அன்றைக்கு மேடையில் அமெரிக்கர்களாக நின்றவர்கள் அமெரிக்கர்கள் இல்லை, ஜப்பானின் மானம் காத்தவர் ஜப்பானில் பிறந்தவரும் இல்லை. ஆனா கூட்டத்தின் கண்ணீர் மட்டும் நிஜம்.

மேடைக்கு வெளியே

இவரை முழு நல்லவராகச் சொல்லிவிட்டுப் போனால் அது நேர்மை இல்லை. அதே வருஷம் டிசம்பர் 22-ல், தன்னோடு ஜோடி சேர்ந்த கிமுராவுடனேயே ரிகிடோசான் மோதினார். இந்தத் தொழிலில் முடிவை முன்கூட்டியே பேசி வைப்பது வழக்கம். அன்றைக்கும் டிரா என்றுதான் பேச்சு என்று கிமுரா பின்னால் எழுதினார். ஆனா நடுவில் ரிகிடோசான் நிஜமாகவே அடிக்கத் தொடங்கினார். கிமுரா ரத்தத்தோடு கீழே விழுந்தார். 1951-ல் பிரேசில் போய் எலியோ கிரேசியை வென்று வந்த மனிதர் அவர். அந்த ஒரு இரவின் அவமானத்தை அவர் சாகும்வரை மறக்கவில்லை. ரிகிடோசானுக்கோ, அந்த நாளுக்குப் பிறகு ஜப்பானில் போட்டியே இல்லை.

1957 அக்டோபரில் உலக சாம்பியன் லூ தெஸ் டோக்கியோ வந்து ஒரு மணி நேரம் அவரோடு மோதினார். ஆட்டம் டிரா. அதற்குப் பிறகு மிட்சுபிஷி எலெக்ட்ரிக் விளம்பரம் கொடுக்க, வெள்ளிக்கிழமை இரவு 8 மணி மல்யுத்தத்துக்கு என்று ஆனது. ஒரு வாரம் வால்ட் டிஸ்னி நிகழ்ச்சி, மறுவாரம் ரிகிடோசான். ஒரு ஆட்டம் முடிந்து அடுத்தது தொடங்கும் முன் மேடையை மிட்சுபிஷி வேக்குவம் கிளீனரால் சுத்தம் செய்வார்கள். விளம்பரமும் ஆச்சு, வேலையும் ஆச்சு. 1963 மே 24-ல் முகமூடி வீரர் டெஸ்ட்ராயரோடு நடந்த ஆட்டத்தை 64 சதவீதம் வீடுகளில் பார்த்தார்கள். ஜப்பான் டிவி வரலாற்றில் இன்றைக்கும் முன்வரிசையில் இருக்கும் எண் அது.

காசு கொட்டியது. அடுக்குமாடி, இரவு விடுதி, ஷிபுயாவில் சொந்த அரங்கம். கூடவே குடியும் கோபமும் வளர்ந்தன. சீடர்களை அடித்து வளர்த்தார். அப்படி வளர்ந்தவர்களில் மூன்று பேர் முக்கியம். பிரேசில் காப்பித் தோட்டத்தில் வேலை செய்த புலம்பெயர் பையன் அன்டோனியோ இனோகி. பேஸ்பால் விட்டு வந்த நெட்டை ஆள் ஜெயன்ட் பாபா. மூன்றாவது ஆள் கின்டாரோ ஓகி. உண்மைப் பெயர் கிம் இல். ரிகிடோசானைத் தேடி கொரியாவிலிருந்து கள்ளத்தனமாகக் கடல் தாண்டி வந்து பிடிபட்டவர். அவரை வெளியே எடுத்துச் சேர்த்துக்கொண்டார் ரிகிடோசான். தான் யார் என்பதை ஊரிடம் மறைத்த மனிதர், தன் ஊர்க்காரன் ஒருவனைக் கைவிடவில்லை.

1963 ஜனவரியில் சத்தமில்லாமல் தென் கொரியா போனார். சியோலில் பெரிய வரவேற்பு. ஜப்பானில் அது செய்தியாகக் கூடாது என்பதில் குறியாக இருந்தார். அந்தப் பயணத்தில் இரண்டு கொரியாக்களும் முட்டிக்கொள்ளும் பன்முன்ஜோம் எல்லைக்கும் போனார். பிறந்த ஊரும், அங்கே விட்டு வந்த மகளும் அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம். வடக்கே பார்த்து நின்றுவிட்டுத் திரும்பி வர மட்டும்தான் முடிந்தது.

அந்த ஜூனில் டோக்கியோவில் தடபுடலாகக் கல்யாணம். டிசம்பர் 8-ம் தேதி இரவு அகாசாகாவில் நியூ லத்தீன் குவார்ட்டர் என்ற விடுதியில் ஒரு யாகூசா அடியாளோடு வாய்த்தகராறு முற்றி, அந்த ஆள் வயிற்றில் கத்தியால் குத்தினான். காயம் சின்னதுதான் என்று தோன்றியது. அறுவை சிகிச்சையும் நடந்தது. ஆனால் வயிற்றுக்குள் சீழ் பிடித்து, டிசம்பர் 15-ல் இறந்துபோனார். வயது 39.

அப்புறம்

அவர் கொரியர் என்பது ஜப்பானியப் பொதுமக்களுக்குப் பரவலாகத் தெரிய அவர் இறந்து பல வருஷங்கள் ஆனது. பிறகு வட கொரியா அவரைத் தங்கள் வீரராகக் கொண்டாடியது. 1995 ஏப்ரலில் இனோகி, குருவின் தாய்மண் என்பதற்காகவே பியாங்யாங் போய், மைதானம் நிறைந்த கூட்டத்தின் முன் மேடை ஏறினார்.

தொழில்முறை மல்யுத்தத்தில் ஒரு எழுதப்படாத சட்டம் உண்டு. மேடையில் போட்ட வேஷத்தைத் தெருவிலும் கலைக்கக் கூடாது. பொய் சண்டைன்னு நாம கிண்டல் பண்றது அந்த வேஷத்தைத்தான். ரிகிடோசான் மேடையில் போட்ட வேஷத்தை விட, பதிவேட்டில் போட்ட வேஷம் பெரியது. அதைக் கலைத்திருந்தால் அந்தத் தெருமுனைக் கூட்டம் அவரை அதே மாதிரி தூக்கி வைத்திருக்குமா? அவர் அதை சோதித்துப் பார்க்கத் துணியவில்லை. அவர் மேல் தப்பு சொல்ல எனக்கு மனசு வரலை. நம்ம ஹாஸ்டலிலேயே சொந்த ஊர் கேட்டால் பக்கத்து டவுன் பேரைச் சொல்பவர்கள், அப்பா வேலையைக் கேட்டால் பேச்சை மாற்றுபவர்கள் இருக்காங்க. கேட்கிறவங்க எப்படிக் கேட்கிறாங்க என்பதைப் பொறுத்துத்தானே பதில் வரும்?

1954 ஆட்டத்தின் சில துண்டுகள் யூடியூபில் கிடைக்கும். செமஸ்டர் முடிந்து நேரம் இருக்கும்போது பாருங்க. கராத்தே வெட்டை ஒரு தடவை பாருங்க. இன்னொரு தடவை, கத்துகிற அந்தக் கூட்டத்தின் முகங்களை மட்டும் பாருங்க.