நிலக்காட்சி ஓவியர் அண்ட்ரூ நிக்கல்

ஈழநாட்டின் காடுகளையும் அவற்றுள் மறைந்து கிடந்த பழைய கோயில்களையும் தூரிகையாற் பதித்து வைத்த மேனாட்டாருள் அண்ட்ரூ நிக்கல் குறிப்பிடத்தக்கவர். 1804ஆம் ஆண்டில் அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரிற் சப்பாத்துத் தைப்பவர் ஒருவரின் மைந்தராய்ப் பிறந்தார். இளமையில் அச்சகமொன்றிற் பயிலுநராயிருந்த அவருக்கு ஓவியம் கற்பிக்க ஆசான் எவரும் வாய்த்திலர். தாமே முயன்று, 1828இல் அன்ட்ரிம் கடற்கரைக் காட்சிகளை நூற்றொரு நீர்வண்ணப் படங்களாகத் தீட்டினார். முன்னணியிற் காட்டுப்பூக்கள் செழித்து நிற்க, அவற்றினூடே தொலைவில் ஊரும் கடலும் தோன்றுவது அவர்தம் தனிமுறை. வண்ணம் பூசிய தாளைக் கத்திநுனியாற் சுரண்டி வெண்மையை வெளிக்கொணரும் நுட்பமும் அவர்க்குக் கைவந்தது.

அவரை ஆதரித்த வள்ளல் அதே ஊரவரான எமர்சன் டெனன்ட். டெனன்ட் இலங்கையின் குடியேற்றநாட்டுச் செயலாளராய் வந்த மறு ஆண்டு, 1846இல், நிக்கலும் இங்கு வந்து, பின்னாளில் றோயல் கல்லூரியெனப் பெயர் பெற்ற கொழும்பு அக்கடமியில் ஓவிய ஆசிரியரானார். அக்காலத்திலேயே நம் நாட்டுப் பள்ளியொன்றில் நிலக்காட்சி ஓவியம் பாடமாயிருந்ததென்பது இன்றைய மாணவர் அறியவேண்டிய செய்தி.

1848இல் டெனன்டோடு உள்நாடு சென்று, ஐந்து வாரம் காடுகளில் உலவிப் படம் வரைந்தார். அவ்வாண்டோ அமைதியான ஆண்டன்று. நாய்க்கும் துப்பாக்கிக்கும் வரி விதித்த அரசின்மீது மக்கள் சினங்கொண்டனர். யூலை 26இல் தம்புள்ளையில் கொங்காலேகொட பண்டா முடிசூடினார். இரு நாளில் மாத்தளை கிளர்ந்தெழுந்தது. அவ்விரண்டு ஊர்களுக்கும் இடைவழியில் உள்ளதே நாலந்தா. ஆகஸ்ட் 8இல் கண்டியிற் புரன் அப்பு சுட்டுக் கொல்லப்பட்டார். மக்கள் வெறுத்த அவ்வரசின் உயர் அலுவலரே நம் ஓவியரின் புரவலர். இதனை மறைத்து அவரைப் புகழ்தல் நேர்மையாகாது. ஆயினும் படங்களைத் தள்ளிவிடவும் எமக்கு மனம் வரவில்லை. தொல்பொருட் பகுதி 1890இலேயே தொடங்கியது. அதற்கு நாற்பதாண்டு முன்னரே, மரவேர் பற்றிய தாதுகோபங்களையும் தூர்ந்த குளங்களையும் சூழலோடு கண்டு எழுதியவர் அவர்.

செருமானிய ஓவியர் காஸ்பர் டேவிட் பிரீட்ரிக் (1774–1840), பால்டிக் கடலோரத்து எல்டெனா மடத்தின் இடிபாட்டைத் தம் படமொன்றிற் சேய்மையிலுள்ள மலைத்தொடரின் நடுவே பெயர்த்து வைத்தார். ஓவியர்க்கு அவ்வுரிமை உண்டு. நாலந்தாவிலோ அது மெய்யாகவே நிகழ்ந்தது. பல்லவர் கட்டடக் கலையை நினைவூட்டும் புத்த ஆலயமாகிய கெடிகே, மகாவலித் திட்டத்தின் போவத்தென்ன நீர்த்தேக்கத்தின் பொருட்டுக் கல் கல்லாய்க் கழற்றப்பட்டு, உயர்ந்த இடத்தில் மீண்டும் எழுப்பப்பெற்றது. கற்களைத் தூக்கி வைக்கலாம்; அவை நின்ற வயலையும் வரம்பையும் தூக்கி வைப்பதெங்ஙனம்? நிலக்காட்சி ஓவியனின் தேவை எமக்கு விளங்குவது இங்கேதான்.

நிக்கல் இலங்கையில் நெடுநாள் தங்கவில்லை. தம் காட்டுப் பயணத்தை 1852இல் டப்ளின் சஞ்சிகையொன்றில் எழுதினார். டெனன்ட் 1859இல் வெளியிட்ட இலங்கை வரலாற்று நூலிலும் அவர்தம் படங்கள் இடம்பெற்றன. மறு ஆண்டு அயர்லாந்து அரச ஓவியக் கழகம் அவரை முழு உறுப்பினராக ஏற்றது. 1886இல் இலண்டனிற் காலமானார். அவர் தீட்டிய ஈழநாட்டுக் காட்சிகள் சில கொழும்பு நூதனசாலையைச் சேர்ந்தன.