வி. கிருஷ்ணசுவாமி ஐயர்

வி. கிருஷ்ணசுவாமி ஐயர் (ஜூன் 15, 1863 - டிசம்பர் 28, 1911) சென்னை மயிலாப்பூரில் வாழ்ந்த வழக்கறிஞரும் நீதிபதியும் ஆவார். 1906 இல் ஆர்பத்நாட் நிறுவனம் நொடித்தபோது பணம் இழந்தோருக்காக வாதாடியவர். இந்தியன் வங்கியை நிறுவியவர்களுள் முதன்மையானவர்.

பிறப்பும் கல்வியும்

தஞ்சாவூர் மாவட்டம் திருவிடைமருதூரில் பிறந்தார். தந்தையார் வெங்கடராம ஐயர் முன்சீபாகப் பணியாற்றியவர். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, பின்னர் சட்டம் கற்று, 1885 இல் வக்கீலாகப் பதிவு செய்துகொண்டார். அக்காலச் சென்னை அரசியலில் எழும்பூர்க் குழுவுக்கு எதிரணியாக விளங்கிய மயிலாப்பூர்க் குழுவின் தலைவர்களுள் ஒருவரானார்.

ஆர்பத்நாட் வீழ்ச்சி

பாரி, பின்னி ஆகியவற்றுடன் சென்னையின் பெரும் ஆங்கிலேய வணிக நிறுவனங்களுள் ஒன்றாக ஆர்பத்நாட் எண்ணப்பட்டது. வணிகத்தோடு வங்கித் தொழிலையும் அது நடத்தியது. ஓய்வூதியர், கைம்பெண்கள், அரசு அலுவலர் எனப் பலர் தம் சேமிப்பை அதில் இட்டிருந்தனர். கூட்டாளிகளுக்கு மட்டுமே உரிய நிறுவனமாதலால் அதன் கணக்குகள் பொதுமக்கள் பார்வைக்கு வந்ததில்லை. பணம் போட்டவர்களுக்கு இருந்த ஒரே பிடிப்பு அதன் பெயர்தான்.

உண்மையில், இலண்டனில் அதன் கூட்டாளியான மக்ஃபேடியன் ஊக வணிகத்தில் பெரும் நட்டம் அடைந்திருந்தார். இது வைப்பாளர்களுக்குத் தெரிவிக்கப்படவில்லை. சென்னையில் வைப்புத்தொகைகள் தொடர்ந்து பெறப்பட்டு வந்தன. 1906 அக்டோபரில் மக்ஃபேடியன் இலண்டனில் தற்கொலை செய்துகொண்டார். அக்டோபர் 22 அன்று சென்னை அலுவலகம் கொடுப்பனவை நிறுத்தியது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ஒரே நாளில் வறுமைக்குள்ளாயின. அடுத்து எந்த நிறுவனம் விழும் என்ற ஐயமும் நகரில் பரவியது. பின்னியும் ஏறக்குறைய அந்நிலையை எட்டியே மீண்டது.

நொடிப்பு வழக்கில் கிருஷ்ணசுவாமி ஐயர் கடன் கொடுத்தோர் சார்பில் தோன்றி, மறைக்கப்பட்ட கணக்குகளை வெளிக்கொணர முனைந்தார். தனித் தொடர்ந்த குற்ற வழக்கில் சர் ஜார்ஜ் ஆர்பத்நாட்டுக்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. ஆங்கிலேயர் ஆட்சியில், நகரின் மதிப்புமிக்க ஆங்கிலேயர் ஒருவருக்கு இது நேர்ந்தது பெரும் வியப்பாகவே இருந்திருக்கும்.

இந்தியன் வங்கி

வழக்கால் இழந்த பணம் முழுதும் மீளாது என்பதை அறிந்த அவர், இந்தியர்களே நடத்தும் வங்கி ஒன்றை நிறுவ முற்பட்டார். வங்காளப் பிரிவினைக்குப் பிந்தைய சுதேசி உணர்வும் இதற்குத் துணைநின்றது. வழக்கறிஞர்களின் முயற்சியும் ராமசாமி செட்டியார் முதலிய நகரத்தாரின் மூலதனமும் இதில் இணைந்தன. 1907 மார்ச் 5 அன்று பதிவு செய்யப்பட்டு, ஆகஸ்ட் 15 அன்று வங்கி செயல்படத் தொடங்கியது. ஆர்பத்நாட் போலன்றி இது பங்குதாரர்களுக்குக் கணக்குக் காட்டக் கடமைப்பட்ட கூட்டுப்பங்கு நிறுவனமாகும். ஆர்பத்நாட் இருந்த கடற்கரைச் சாலைக் கட்டடத்தையே இவ்வங்கி பின்னர் வாங்கியது. 1969 இல் இது நாட்டுடைமையாக்கப்பட்டது.

பிற பணிகள்

மயிலாப்பூரில் வேங்கடரமணா ஆயுர்வேத மருந்தகத்தையும் (1905) சமஸ்கிருதக் கல்லூரியையும் (1906) நிறுவினார். காங்கிரசில் மிதவாதியாக இருந்தும், தீவிரவாதப் பிரிவைச் சார்ந்த பாரதியாரின் பாடல்களை 1907 இல் அச்சிட்டு இலவசமாக வழங்கினார்.

1909 இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியானார். 1911 இல் ஆளுநரின் நிர்வாகக் குழுவில் இடம்பெற்றார். அவ்வாண்டு இறுதியிலேயே தமது 48 ஆம் வயதில் காலமானார்.